ஆளும் கண்

காக்கி புக்கிட்டில், வண்டி உதிரிபாகக் கடைகளுக்கு மேலே,
நான்காம் மாடியில் வில் விற்கிறார்கள்.
சரக்கு லிஃப்டில் ஏறும்போதே கம்பி முனகியது.
எண்ணெய் கேட்கிறது, யாரும் கொடுக்கவில்லை.
இருபத்திரண்டு வருடமாய் லிஃப்ட் பார்க்கிறவன் நான்,
முதலில் அதுதான் காதில் விழும்.

வேட்டைக்கு என்றேன்.
இங்கே எதை அங்கிள், பூனையையா, என்றாள் ஹுய் ஷான்.
இங்கே இல்லை. ஏப்ரலில், நியூசிலாந்தில்,
மைத்துனன் இளம்பரிதியின் மலையில்.
காட்டு ஆடுகள் பெருகிவிட்டன,
நட்ட கன்று ஒன்றையும் விடுவதில்லையாம்.

கைகளை விரிக்கச் சொல்லிச் சுவரோரம் நாடா பிடித்தாள்.
அறுபத்தெட்டு அங்குலம். இரண்டரையால் வகுத்தாள்.
இருபத்தேழும் சொச்சமும்: இதுதான் உங்கள் இழுப்பு,
அதற்கு மேல் ஆசைப்பட்டால்
நாண் வந்து முன்கையை அறையும்.

எழுபது பவுண்டு வில்லைக் கேட்டேன்.
விறைப்பாக நின்று, கூரையின் குழல்விளக்கை நோக்கித் தூக்கி,
பல்லைக் கடித்து இழுத்தும் விட்டேன்.
அவள் பாராட்டவில்லை.
காப்பிக்கடைச் சிவப்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.
உட்காருங்கள். வில்லைத் தூக்கக்கூடாது.
ஆடு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து
மெதுவாக இழுங்கள்.

எழுபது அசையவில்லை.
அறுபதில் தோள் பேசியது.
ஐம்பது வந்தது.
ஐம்பதுதான் நான். எழுதிக்கொண்டாள்.

இழுப்பின் பாதியில் ஒரு மேடு.
அதைத் தாண்டியதும் சக்கரம் புரண்டு
பளு சட்டென்று காணாமல் போகிறது,
விரலில் பத்துப் பவுண்டு மட்டும்.
வந்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள், என்றாள்.
நான் சிரிக்கவில்லை.
பளு எங்கும் போய்விடவில்லை,
சக்கரத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
எதிர்எடை தொங்குகிற குழிக்குள்
பெட்டி இலேசாகத் தோன்றிய ஒரு மத்தியானத்தில்தான்
செங் ஹோவுக்கு இரண்டு விரல் போனது.

விட்டுவிடாதீர்கள் அங்கிள்,
அம்பில்லாமல் நாணை விட்டால் வில்லே தெறித்துவிடும்.
இழுத்த வழியே திரும்பிக் கொண்டுவாருங்கள்.

திரும்பும்போது அந்த மேடு இன்னும் உயரம்.

பிறகுதான் கண்.
இரண்டு கையையும் சேர்த்து நடுவில் ஒரு சந்து வைத்து
அதன் வழியே அவள் மூக்கைப் பார்க்கச் சொன்னாள்.
பார்த்தேன்.
அங்கிள், நீங்கள் இடக்கண்.
இல்லையே, நான் வலக்கைக்காரன்.
கை கிடக்கட்டும், குறி பார்ப்பது இடது.

நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்கிறார்கள்.
பெண் பார்க்கப் போனது, பழுதுச் சீட்டில் கையெழுத்திட்டது,
இருட்டுக் குழியில் விளக்கடித்துப் பார்த்தது எல்லாம்
நான் நினைத்த கண்ணால் இல்லை.

கோயில் தூணில் ஒரு வேடன் இருக்கிறான்.
அம்பு முனையைத் தன் கண்ணுக்கே திருப்பி நிற்பான்.
எத்தனையோ வெள்ளிக்கிழமை அவனைக் கடந்து
கால் கழுவப் போயிருக்கிறேன்.
அவன் முதலில் பெயர்த்தது
குறி பார்த்த கண்ணையா, மற்றதையா?
யாரிடம் கேட்பது.

சுவர் முழுக்க வலக்கை வில்.
இடக்கைக்கு ஒன்றே ஒன்று,
யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது,
கத்திரிப்பூ நிறம்.
மற்றபடி ஏழு வாரம் காத்திருக்க வேண்டும்.
மரப்பட்டை நிறத்தில் வரும், அழகாக இருக்கும்.
ஆட்டுக்கு நிறம் தெரியுமா என்றேன்.
உங்கள் அசைவு தெரியும், என்றாள்.
கத்திரிப்பூவையே கட்டச் சொன்னேன்.

ரயிலில் பக்கத்துச் சிறுவன் பையைத் தொட்டுக் கேட்டான்,
கிட்டாரா?
ஆமாம். நாண் ஒன்றுதான்.

புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி நடக்கையில்
குப்பை அறைக்கு அப்பால், புல்மேட்டில்
காட்டுப்பன்றி ஒன்று, பின்னால் மூன்று குட்டி.
பயப்பட மறந்து நின்றேன்.
இருபத்திரண்டு மீட்டர், என்றது
எனக்குள் யாரோ.
அம்பும் இல்லை, எண்ணமும் இல்லை,
தூரம் மட்டும் தானாக வந்தது.
வலக்கண்ணை மூடிப் பார்த்தேன்.
பன்றி அதே இடத்தில் நின்றது.
இடக்கண்ணை மூடினேன்,
குட்டிகளோடு ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது.

வீட்டில் செந்திரு பையை அவிழ்க்கவில்லை.
விலையும் கேட்கவில்லை.
கொல்லுவீங்களா? என்று மட்டும் கேட்டு
குழம்புக்கு அடுப்பைக் குறைத்தாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
நிறைய இழுத்து,
மேடு தாண்டிய இலேசில்
கொஞ்ச நேரம் இருந்தேன்.
கை நடுங்கத் தொடங்கியது.
இனி விடாமல்
திரும்பிக் கொண்டுவர வேண்டும்.